இடக்கைப் பிறை வெட்டு

தேநீருக்கு நன்றி ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் குறை சொல்கிற இடத்தில் நான் இல்லை. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மீன்வளத் துறையில் பத்தொன்பது வருடம் அறிக்கை எழுதியவன் நான். எழுதுகிறவர் கஷ்டம் எனக்குத் தெரியும்.

துறைமுகத்தில் என் வேலை சுறா. படகிலிருந்து இறக்கும் சுறாவுக்குத் துடுப்பு உடம்போடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலை துடுப்புக்குத்தான். உடம்பு இடத்தை அடைக்கும் என்று, துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு மீனை உயிரோடு கடலில் தள்ளிவிடுவார்கள். அது நீந்த முடியாமல் அடியில் போய் மூச்சு முட்டிச் சாகும். முதல் தடவை பார்த்த அன்று வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். இன்றும் சுறா என்றால் எனக்கு உயிர்.

வெட்டைப் பார்த்து ஆளைச் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை ஒரு காலத்தில் துடுப்பு அறுத்தவர். சதை ஒட்டாமல் பிறைபோல வளைத்து எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. போதாததற்கு இடக்கைக்காரர், மற்றவர்களுக்கு வெட்டு முடிகிற பக்கத்தில் அவருக்குத் தொடங்கும். என் நச்சரிப்புத் தாங்காமல் கத்தியைப் போட்டுவிட்டு ஐஸ் தொழிற்சாலையில் சேர்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக விட்டார்கள்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு வருடமாகத் துடுப்பில்லாத சுறா ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை. விரிகுடாவைச் சுறாக்களின் காப்பிடமாக அறிவிக்கக் கேட்டு நான் அனுப்பிய கோப்பை, பிரச்சினையே இல்லாத இடத்துக்குக் காப்பிடம் எதற்கு என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். ஆதாரம் வேண்டுமே.

வலையில் சிக்கிய சுறாக்களை மீட்டு ஆழ்கடலில் விடுவதும் என் பொறுப்பு. படகோட்டிப் பதவி நெடுநாளாகக் காலி என்பதால் தனியாகத்தான் போவேன். மொத்தம் இருபத்தாறு. செத்த மீனை அறுத்தால் ரத்தம் கட்டாது, கால்நடை மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் உயிரோடு அறுத்தேன். பதிவேட்டில் ‘உயிருடன் விடுவிக்கப்பட்டது’ என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

அறுத்தவன் யாரென்று தெரியாவிட்டால் மேலே யாரும் அசைய மாட்டார்கள். ஒரு பாவமும் அறியாத ஆளை மாட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. மாப்பிள்ளையாவது முன்பு அறுத்தவர். பூசணிக்காயை வைத்து இடக்கையால் பழக இரண்டு மாதம் பிடித்தது. வெட்டு அவருடையது என்று சொன்ன நிபுணர் சாட்சியும் நான்தான்.

கைதாகிக் காவலில் இருந்தவரைப் போய்ப் பார்த்தேன். நான் கொண்டுபோன வெட்டின் புகைப்படத்தை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெட்டு என்னோடதுதான் மச்சான். ஆனா நான் வெட்டல. நான் இதைச் சொல்லிக் குடுத்தது ஒரே ஒருத்தருக்குத்தான்.”

புகைப்படத்தை அவர் கையிலிருந்து வாங்கிக் கோப்பில் வைத்தேன்.

“உங்க தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவளுக்கு இனிமே நீங்க ஒருத்தர்தான் மிச்சம். சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுங்க.”

கொடுத்தேன். அவரே சம்மதித்துவிட்டார் என்று எனக்கு மனசு லேசாகிவிட்டது.

பதினெட்டாம் நாள் காவலிலேயே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நான் அழுத அழுகை பொய்யில்லை ஐயா. ஆனால் ஊர் அவர் பக்கம் சாய்ந்தது. இரக்கப்பட்டுக் காப்பிடக் கூட்டத்தையே தள்ளிவைத்தார்கள். இன்னொரு சுறா தேவைப்பட்டது. கை பழகிவிட்டதால் யோசிக்காமல் இடக்கையாலேயே அறுத்துவிட்டேன். இறந்து ஆறு நாளான மனிதரின் வெட்டோடு சுறா கரை ஒதுங்கினால் உங்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா. அது என் கவனக்குறைவு.

“அந்தக் கடல்ல இப்ப சுறா அறுத்துட்டிருந்த ஒரே ஆள் நீங்கதானே?” என்று கேட்கிறீர்கள். காப்பிடம் நேற்று அறிவிக்கப்பட்டுவிட்டது. அதை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்கிறீர்களே.

இருபத்தேழையும் அறுத்தது நான். மாப்பிள்ளைக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

வெளியே பெஞ்சில் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாளாம். விஷயத்தை அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் ஐயா. நான் மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவருக்குத் துரோகம் செய்ய என்னால் முடியாது.