அதே வரி இன்னொரு இடத்தில்

மாலை ஆறரை மணி. ஊருக்கு வெளியே கம்பெனிகள் வரிசையாக இருக்கும் சாலை. வேலை முடிந்து எல்லாரும் ஊரைப் பார்த்துத் திரும்பும் நேரம். ஒரே ஒரு பெண் மட்டும் எதிர்ப்பக்கமாக நடந்து போவாள். அந்தப் பக்கம் போகிற பஸ் காலியாகத்தான் வரும்... ஆனாலும் ஏறமாட்டாள். நடந்தால் பொழுது போகும். வீட்டில் உட்கார்ந்தால் போகாது.

டார்ச்சைக் கொஞ்சம் கீழே திருப்பு, கண்ணில் அடிக்கிறது. கரண்ட் வருகிற வரைக்கும் சொல்கிறேன்.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு வேலை பார்த்த எலக்ட்ரீஷியனுடைய அக்காவுக்கு, அதான் அந்த எதிர்ப்பக்கம் நடந்து போகிற பெண்ணுக்கு, நடந்தது. அவனுக்குக் கதை கட்டத் தெரியாது. லீவு கேட்கக்கூட ஒழுங்காக ஒரு பொய் சொல்ல வராது அவனுக்கு.

அக்காவின் புருஷன் தராசு ரிப்பேர் செய்கிறவர். கடை கடையாகப் போய் எடை மெஷின்களைச் சரி பார்ப்பார். ஒருநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே உயிர் போய்விட்டது. தூங்குகிறார் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை. பஸ் கடைசி நிறுத்தத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் இல்லை. அதற்கப்புறம் அக்கா ராத்திரி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சர்வர் அறையில் வேலை. அங்கே ஒரே ஒரு பெரிய மெஷின். ஒரு வீட்டைத் தடுத்துத் தடுத்துப் பல குடித்தனம் வைப்போமே, அந்த மாதிரி அதற்குள் நாற்பது ஐம்பது கம்ப்யூட்டர்கள். கணக்குப் பிரிவில் பகலில் உட்காருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. முழு வீடும் தன்னுடையது என்றுதான் ஒவ்வொன்றும் நினைத்துக்கொண்டிருக்கும்.

மெமரி போதவில்லை. புதிதாக வாங்கித் தர கம்பெனிக்கு மனசில்லை. அதனால் அக்கா ஒரு வசதியைப் போட்டுவிட்டாள். மெமரி என்பது பக்கம் பக்கமாக இருக்கும். மெஷின் ஓயாமல் அந்தப் பக்கங்களை ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டு குடித்தனத்தில் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒரே பக்கம் இருந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிடும். இரண்டு பேரும் அந்த ஒன்றையே படித்துக்கொள்ள வேண்டியது. யாராவது அதில் ஒரு புள்ளி வைத்தாலும் உடனே அவருக்குத் தனிப் பிரதி.

"இதுல பேய்க்கு எங்கடா இடம்?" என்று நம்ம ஸ்டோர்கீப்பர் சிரிக்கிறார். இருங்கள்... வரும்.

வசதி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அக்கா ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். ஒரு வரி அடித்தால் அது ஒரு பக்கத்தில் தனியாகப் போய் உட்காரும். அதே பக்கம் வேறு குடித்தனத்திலும் இருந்தால், கொஞ்ச நேரத்தில் திரையில் 'பகிர்வு' என்று வரும். இல்லையென்றால் 'தனி'. சோதித்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. அதோடு மூடியிருக்கலாம்.

மூடவில்லை. பேச ஆள் கிடையாது பாருங்கள்... விடிய விடிய ஃபேன்களின் இரைச்சல், எலும்பு வரைக்கும் இறங்குகிற ஏசி, சூடான தூசி வாசனை. கை சும்மா இருக்கும்போதெல்லாம் அந்தப் புரோகிராமில் எதையாவது அடிப்பாள். 'இன்றைக்கு மழை.' தனி. 'தலை வலிக்கிறது.' தனி. 'வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை.' தனி.

எதை அடித்தாலும் தனிதான்.

ஒரு ராத்திரி இப்படி அடித்தாள். 'பச்சைக் குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தோம்.' கல்யாணமான புதிதில் நடந்தது. வேறு யாருக்கும் தெரியாத சண்டை. தனி என்று வந்தது. அவளுக்கே சந்தேகம்... பச்சையா, நீலமா? 'நீலக் குடை' என்று மாற்றினாள். தனி. 'கறுப்புக் குடை' என்று மாற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

திரும்பி வந்து பார்த்தால்... பகிர்வு.

கோளாறு என்றுதான் நினைத்தாள். ஓர் எழுத்தை மாற்றினாள். தனி. பழையபடி அடித்தாள். பகிர்வு. அதற்கப்புறம் தினமும் அதே வேலை. பொய்யாக எதை அடித்தாலும் தனி. அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததை அடித்தால் பகிர்வு. அவள் தப்பாக நினைவு வைத்திருந்தால், சரியாகத் திருத்துகிற வரைக்கும் அது அசையாது.

அக்காவுக்குப் பயமே வரவில்லை. எலக்ட்ரீஷியன் தம்பிக்குப் பயம் வந்ததே அதனால்தான். அவள் வீட்டுக்குப் போவது குறைந்தது. போன் எடுப்பதில்லை. கழுத்தெலும்பு தெரிய இளைத்துப்போனாள். கம்பெனிக்கு லீவு விட்ட ஒரு நாளும் அவள் சர்வர் அறையில்தான் இருந்தாள்; அவனே நேரில் அங்கே போனான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அக்கா, மாமா கம்ப்யூட்டரத் தொட்டதே இல்லயே."

"தெரியும்டா. மௌஸப் பாத்தாலே கையப் பின்னால கட்டிக்குவாரு."

"யாராவது பகல்ல உக்காந்து விளையாடுறாங்க. வேறென்ன?"

"அப்ப எல்லாத்தையும் அணைச்சுப் பாத்துடலாம்."

உள்ளே இருந்த குடித்தனங்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். ஃபேன் சத்தம் படிப்படியாக இறங்கியது. கடைசியில் அவளுடையது ஒன்றுதான் பாக்கி. அந்த அறைக்குள் வந்த பிறகு அப்போதுதான் தன் மூச்சே தனக்குக் கேட்டது என்று பின்னால் என்னிடம் சொன்னான்.

"இப்ப உள்ள நான் மட்டும்தான்," என்று அக்கா ஏதோ ஒரு வரி அடித்தாள். புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காத்திருந்தார்கள்.

பகிர்வு.

"யாரோடக்கா?" என்றான்.

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இதுவரைக்கும் நடந்ததத்தான் அடிச்சேன். நடக்காத ஒண்ண அடிச்சதில்ல," என்றாள். அவன் என்ன ஏது என்று புரிந்துகொள்வதற்குள் ஒரே ஒரு வார்த்தை அடித்துவிட்டாள்.

'வரட்டுமா?'

"அக்கா, வேணாம்." மணிக்கட்டைப் பிடித்தான். பனிக்கட்டியாக இருந்தது.

தனி என்றே நின்றது. ரொம்ப நேரம்... தனி. அவனுக்கு மூச்சு வந்தது. அக்காவின் தோள் தொய்ந்தது. "கிளம்பலாம்க்கா," என்று பையை எடுத்துக் கொடுத்தான்.

அப்போதுதான் மாறியது.

பகிர்வு.

நன்றாக யோசித்துப் பாருங்கள். அது பதில் இல்லை. 'வா' என்றோ 'வராதே' என்றோ யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கமும் யாரோ அதே வார்த்தையை எழுதியிருக்கிறார்கள்... இப்போது, இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் சொல்கிற வரட்டுமாவா அது? இல்லை, இங்கே வருவதற்குக் கேட்கிற வரட்டுமாவா?

அவன் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்துவிட்டான். ஃபேன்கள் இழுத்து இழுத்துச் சுற்றி நின்றன. இருட்டில் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் அந்த வேலையை விட்டாள். மெஷினைக் கம்பெனி பழைய சாமானுக்குப் போட்டுவிட்டது. இப்போது பகலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், உடம்பு தேறியிருக்கிறது.

ஒன்று மட்டும்... ராத்திரியில் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. சும்மா சாத்தி வைப்பாள். தம்பி எவ்வளவோ சண்டை போட்டும் கேட்கவில்லை.

போன மாதம் அவன் அக்கா வீட்டில் ஒரு ராத்திரி தங்கினான். விடியற்காலையில் பஸ் பிடிக்கக் கிளம்பினவன் வாசலுக்கு வந்தால், தாழ்ப்பாள் உள்பக்கமாகப் போட்டிருக்கிறது. மேலேயும் கீழேயும். அக்காவுக்கு ஒருவழியாகப் புத்தி வந்ததே என்று அவனுக்குச் சந்தோஷம். "இப்பவாவது தாழ்ப்பாள் போட்டியே," என்று உள்ளே பார்த்துச் சொன்னான்.

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"நீ போட்டேன்னுல்ல நெனச்சேன்," என்றாள்.