கட்டம் போட்ட தாள்

ஹலோ... ஓம், ஹெக்டர்தான். ஆர்?... கொன்ஸ்ரன்ரைனோ? டேய், கனடாவில இப்ப என்ன நேரம்?... ஓம் ஓம், கேக்குது. சொல்லு.

நீ அனுப்பின விளையாட்டுப் புத்தகமோ... கிடைச்சது. போன மாசமே கிடைச்சது... உண்மையைச் சொல்லட்டே? எனக்குப் புதுப் பதிப்புப் பிடிக்கேல்லை... இல்லையடா, படமெல்லாம் வடிவுதான். சண்டை விதியும் சுகம், முந்தி மாதிரி ஒவ்வொரு வெட்டுக்கும் அட்டவணை பாக்கத் தேவையில்லை. ஆனா பழசில எல்லாம் வாயாலதானே? வாசல்ல ரெண்டு காவல்காரன் எண்டு நீ சொல்லுவாய், நாங்கள் மனசில பாப்பம். இதில எல்லாத்துக்கும் கட்டம் போட்ட தாள் வேணும். கோட்டை எங்க, காவல் எங்க, எத்தினை அடி தூரம்... வரையாம ஒரு ஆளையும் நகர்த்தேலாது.

ஓம், வரைஞ்சம். நான்தான் வரைஞ்சனான்... நல்லா வந்தது. அதுதான் வினை.

இரு, சொல்றன்... எங்கட யோகநாதனைப் பொலிஸ்காரர் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்... இண்டைக்கு நாலு நாள். வெள்ளவத்தையில அவன் இருக்கிற லொட்ஜைச் செக் பண்ணினவங்கள். பைக்குள்ள நான் வரைஞ்ச கோட்டை மெப்... ஓம். மதில், வாசல், காவல் ஆறு பேர், எத்தினை மணிக்கு ஆள் மாறும், எல்லாம் இங்கிலிஷில எழுதி வச்சனான். நானும் ஒரு விசரன், டிராகனை எரிக்கவெண்டு கோட்டைக்குள்ள எண்ணெய்க் கிடங்கும் வச்சனான்... கொலன்னாவை எண்டுறாங்கள். அங்கத்தை எண்ணெய்த் தாங்கியளுக்குக் குண்டு வைக்கப் போட்ட பிளானாம்.

சிரி, சிரி. எனக்கும் முதல்ல சிரிப்புத்தான் வந்தது... ஓம், அடையாள அட்டையில யாழ்ப்பாணம். அது காணுமே அவங்களுக்கு.

லோயர் இராஜநாயகம் போய்ப் பாத்தவர்... ஆளுக்கொரு வேசம் எடுத்து, மேசையைச் சுத்தி இருந்து, டைஸ் உருட்டிக் கதை சொல்லுறது விளையாட்டெண்டா எந்தப் பொலிஸ்காரன் நம்புவான்? அந்தப் புத்தகத்தைக் கொண்டு வாரும், அதில இதே மாதிரி மெப் இருந்தா காட்டலாம் எண்டார்... ஓம், இருந்தது. எழுபதாம் பக்கத்தில அச்சொட்டா இருந்தது... புத்தகம் இல்லை... எரிச்சாச்சு. அம்மா எரிச்சுப்போட்டா. தெரியும்தானே, ரவுண்டப், சுத்திவளைப்பு எண்டா எங்கட வீடுகளில முதல் வேலை கடதாசி எரிக்கிறது.

அதுதான் கேக்கிறன், உன்னட்ட இன்னொண்டு இருக்குத்தானே? அந்தப் பக்கத்தை ஃபெக்ஸ் பண்ணு. நீதான் அனுப்பினதெண்டு ஒரு கடிதமும்... என்ன?... ஓம், அகதிக் கேஸ் முடியேல்லை... விளங்குது... சரி, பேர் வேண்டாம். பக்கத்தை மட்டும் அனுப்பு.

அம்மாவை ஏசாதை... ஏசாதை எண்டுறன். அவ எரிக்கேல்லை.

நான்தான். அவனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் எண்டு கேள்விப்பட்டு அரை மணித்தியாலத்தில, குசினியில வச்சு, ஒவ்வொரு தாளாக் கிழிச்சு. எழுபதாம் பக்கத்தைப் பாத்திட்டுத்தான் அடுப்புக்குள்ள போட்டனான்... பயம். வேற என்ன.

மெப்பைத் தான் வரைஞ்சதெண்டு சொல்லியிருக்கிறான்ரா. லோயர்தான் சொன்னவர். அவ்வளவு அடிக்கும் என்ர பேரைச் சொல்லேல்லை... ஓம், எனக்குத் தெரியும். நான் இங்கயே கொட்டாஞ்சேனையில பிறந்தவன், என்னை அவ்வளவு சந்தேகப்படமாட்டாங்கள், பாதர் கடிதம் தருவார், சிங்களமும் தண்ணி மாதிரிக் கதைப்பன். நான் போய் என்ர கையெழுத்தெண்டு சொன்னா...

இல்லை. இன்னும் போகேல்லை...

போவன்... நாளைக்குப் போறன்.

நேற்று லோயரிட்டயும் நாளைக்கெண்டுதான் சொன்னனான்... சரி, வைக்கிறன்.