இரண்டு நிமிட வாசிப்பு

"ரெண்டு நிமிஷத்துல ஒன்றரைப் பக்கம் படிச்சிட்டேம்மா. இன்னா படிச்சேன்னுதான் தெரியல."

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பேருந்தில், முன் இருக்கையிலிருந்த பத்தாம் வகுப்பு மாணவி சொன்னாள். அவள் அம்மா செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரைப் பரீட்சையில நேரம் பத்தலன்னு அழுத. டீச்சர் வேகமா படிக்கத்தானே சொன்னாங்க?"

"புரிஞ்சி படிக்கணும்னும் சொன்னாங்க."

"அப்ப எனக்குப் புரியறாமாரி படி."

காட்டுக்குள் ஆட்டைத் தேடிப் போன ஒரு பெண்ணின் கதை அது. இம்முறை மகள் நிறுத்தி நிறுத்தி, தெளிவாகப் படித்தாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. இரண்டு நிமிடம் முடிந்து அலாரம் அடித்ததும் மகள் புத்தகத்தை மூடினாள்.

அம்மா அலாரத்தை அணைத்தார்.

"இன்னாத்துக்கு மூடற? ஆடு கெடைச்சுதா இல்லியா?"