மலைக்குள் ஓடியவர்

விசில் ஊதுகிறது. நீளமாக. ஒரே முறை.

மலையின் மறுபக்கத்துக் கல் குவாரியிலிருந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வெடி வைப்பதில்லை. அப்படித்தான் நம்பியிருந்தோம்.

குகை வாசலுக்குச் சற்று உள்ளே நிற்கிறோம். நான், என் கணவர் ரத்தினம், அவருடன் பெயின்ட் வேலை பார்க்கும் தாஸ். தாஸ் தலையைச் சாய்த்துக் கேட்கிறான். முகம் மாறுகிறது.

"வேட்டு வெக்கறானுங்க! அண்ணாத்த, அக்கா, வெளிய ஓடியாங்க!"

என் கையைப் பிடித்து இழுக்கிறான். ஓடுகிறேன். முதல் வெடி. காலடியில் பாறை குதிக்கிறது. வாசலில் விழுந்து, திரும்பிப் பார்க்கிறேன். ரத்தினம் உள்ளே ஓடுகிறார். குனிந்து. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு. என்னைக் கூப்பிடுகிறார்.

"யோகம்! உள்ளுக்கு வா! குண்டு போடுறான்! உள்ளுக்கு வா!"

அந்த ஓட்டம் எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பதுங்குகுழி இருந்தது. மேலே தென்னங்குற்றி, அதன்மேல் மண் மூட்டை. குண்டு போடும் விமானத்தைப் பொம்மர் என்போம். இரைச்சல் கேட்டால் உள்ளே இறங்க வேண்டும். ஒரு காலையில் மாமியார் கோழியைப் பிடிக்க வெளியே நின்றார். ரத்தினத்தின் தங்கை கிணற்றடியில் நின்றாள். நாங்கள் இருவரும் உள்ளே இருந்தோம். பிழைத்தது நாங்கள் மட்டும். உள்ளே போனவன் பிழைப்பான். அவருடைய உடம்பு அன்றைக்கு அதைப் படித்தது.

தொண்ணூறில் படகேறினோம். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அகதி முகாமில் இடம் கிடைத்தது. அவர் மாமல்லபுரத்து லாட்ஜுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார். குண்டு இல்லை. பசி இல்லை. ஆனால் தூக்கம் வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியவைப்பார். ஊர்வலத்தில் வெடி போட்டால் கட்டிலுக்கடியில் கிடப்பார். இப்படிப் பல வருடம்.

தாஸ் மலையடிவாரத்துக் காலனிக்காரன். ஞாயிறு சர்ச் முடிந்ததும் கயிறும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு குகைக்குப் போவான். அது சதுரங்கப்பட்டினம் கோட்டை வரை போகிறது என்று ஊரில் ஒரு பேச்சு. அதன் முடிவைப் பார்த்தே தீருவது என்று அவனுக்கு ஒரு வெறி. முள்காட்டைத் தாண்டினால் யானை போன்ற பாறைகள், ஒன்றன்மேல் ஒன்று. நடுவே இடுக்கு. வயிற்றால் ஊர்ந்து போனால் திடீரென்று உயரமான ஒரு கூடம். வௌவால் எச்ச நாற்றம். எங்கோ நீர் சொட்டும் சத்தம்.

ஒரு நாள் ரத்தினத்தையும் கூட்டிப்போனான்.

"இந்தக் கல்லெல்லாம் ஒரு காலத்துல நெருப்பா உருகிக் கெடந்துச்சாம் அண்ணாத்த. இப்ப தொட்டுப் பாரு. ஐஸ் மாரி கீது."

ரத்தினம் தொட்டுப் பார்த்தார். அப்படியே அந்தப் பாறையில் படுத்தார். தூங்கிவிட்டார். தாஸ் பயந்துபோய் மூச்சு இருக்கிறதா என்று பார்த்தானாம்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "அங்க ஒரு சத்தமும் இல்லை, யோகம். நல்ல நித்திரை."

அவர் முகம் தெளிந்திருந்தது. அதன்பிறகு எல்லா ஞாயிறும் போனார். தாஸ் புது இடுக்குகளில் ஊர்ந்து திரிவான். இவர் கூடத்தில் தூங்குவார். என் புருஷன் தூங்குகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த மாசி மாதத்து ஞாயிறுதான் நான் முதல் முறை போனது.

பாறை சரிகிறது. எனக்கும் அவருக்கும் நடுவே பலகை போல ஒரு கல் இறங்கி நிற்கிறது. தூசி. காது அடைத்துப்போகிறது. ஒரு கை நுழையும் அளவுக்குச் சந்து. அதில் வாயை வைத்துக் கத்துகிறேன். பதில் வருகிறது. அமைதியான குரல்.

"யோகம், பொம்மர் போயிட்டுதா?"

"இது பொம்மர் இல்லை! குவாரி வெடி! வெளியில வாங்கோ!"

"நீ குனிஞ்சு இரு. இன்னொருக்கா வரும்."

தாஸ் சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டு குவாரிப் பக்கம் ஓடுகிறான். "நிறுத்துங்கடா! உள்ள ஆள் கீது! ஆள் கீது!"

அவன் மேட்டை எட்டுவதற்குள் இரண்டாவது வெடி.

அவர் சொன்னது சரிதான். இன்னொரு முறை வந்தது.

சந்து மூடியது. சத்தமும் நின்றது. கல்லில் காதை வைத்தேன். கூப்பிட்டேன். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். காலனி ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். ஒரு கல்லை அசைத்தால் மேலே இருப்பதெல்லாம் சரியும் என்றார்கள். என்னைத் தூக்கிக்கொண்டுதான் கீழே இறக்கினார்கள்.

குவாரி விபத்து என்று எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்போது வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இப்போது சொல்கிறேன். போனவர்களை எண்ணிக்கொள்ளுங்கள். மாமியார். கிணற்றடியில் நின்ற தங்கை. முற்றமும் வீடும். பறந்து வந்த கல்லில் தாஸின் இடது கண். பாதி மலை, அது சிறுசேரிப் பக்கத்துக் கட்டடங்களுக்குப் போய்விட்டது. மீதிப் பாதிக்குள் ரத்தினம். விபத்தில் மாட்டியவன் வெளியே ஓடுவான். அவர் உள்ளே ஓடினார். அவரைப் போரில் செத்தவர்களோடு எண்ணுங்கள்.