சாம்பலில் ஒரு துளி பச்சை

ஏலக்காய் போட்ட டீ எனக்குப் பிடிக்காது. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாள் முழுக்க மோந்து பார்ப்பதையே சாயங்காலம் குடிக்கவும் வேண்டுமென்றால் எந்த நாக்கு சம்மதிக்கும்.

என் பெயர் சுந்தரலிங்கம். கிறிஸ்டோபர் சார் விஷயத்தைப் பற்றி என்னிடம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கேட்காமல் எதையும் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். இருந்தாலும் இந்த ஒரு தடவை சொல்கிறேன். அதில் என் பங்கு கொஞ்சம் சுவாரசியமானது.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஏலக்காய் வாங்கப் போகிறவன் நல்ல சரக்கைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்க வேண்டும். ஒரு கைப்பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, ஒரு காயைப் பிளந்து மோந்து, பெருமூச்சு விட்டுத் தட்டில் திரும்பப் போட வேண்டும். "பச்சை பத்தலையே" என்று சொல்ல வேண்டும். மோசமான சரக்கை யாரும் குறை சொல்வதில்லை; பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவோம். விற்கிறவருக்கும் இது தெரியும். நாம் குறை சொல்லச் சொல்ல அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆள் விலையில் இறங்கி வராவிட்டால் மூன்று பேர் சொல்லி வைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் போய் அதே குறையைச் சொல்வோம். மூன்றாவது ஆள் வாய் திறப்பதற்குள் தோட்டக்காரரே தன் காயை எடுத்து வெளிச்சத்தில் சந்தேகமாகப் பார்ப்பார். பிறகு எல்லோரும் சேர்ந்து பரோட்டா சாப்பிடப் போவோம். யாருக்கும் வருத்தம் இருக்காது.

2007இல் தேனி அல்லிநகரத்தில், விஜயகுமாரின் ஸ்டூடியோ மாடியில், கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினோம். கல்யாணப் பட்டுப்புடவைகளைப் பிடித்துப் பிடித்து விஜயகுமாருக்குக் கலர் மேலேயே வெறுப்பு வந்திருந்தது. உரக்கடை சீனிச்சாமி அண்ணன் சேர்ந்தார். தன் வீட்டு எருமையைத் தவிர வேறு எதையும் அவர் படம் பிடித்ததில்லை, ஆனால் எருமையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் சேர்ந்தேன். ராயப்பன்பட்டியிலிருந்து கிறிஸ்டோபர் சார் வந்தார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் திருத்துவார், தன் தப்பை யாராவது சொன்னால் நன்றி சொல்வார். அப்படி ஒரு ஆளை நான் கடைத்தெருவில் பார்த்ததே இல்லை.

மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் கூடுவோம். அவரவர் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்த படங்களை மேசையில் பரப்பி எல்லோரும் குறை சொல்ல வேண்டும். கடைசி வார்த்தை என்னுடையது. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். அந்த பிரிண்டர்கள் கலர் மைகளைக் கலந்துதான் சாம்பல் நிறத்தைச் செய்யும். டியூப் லைட்டில் சாம்பலாக இருக்கும் படம் ஜன்னலோரம் போனால் லேசாகப் பச்சை அடிக்கும், இல்லையென்றால் ரோஸ் அடிக்கும். எனக்கு வேண்டியவர் படத்தை டியூப் லைட்டுக்குக் கீழே வைத்துப் பேசுவேன். மற்றவர் படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோவேன். ஏலக்காய்ப் பச்சையைப் பத்து வகையாகப் பிரிக்கத் தெரிந்தவன் என்பதால், நிறத்தில் நான் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"ஏலே சுந்தரம், எருமைய ஜன்னலுக்குக் கொண்டு போகாதலே" என்பார் சீனிச்சாமி அண்ணன். "வெயில் பட்டா கருத்துப்போகும்."

ஒரு மாதம் நான் மயிலாடும்பாறையில் எடுத்த படத்தை வைத்தேன். காய்ந்த கண்மாய், நடுவில் ஆடு மேய்க்கிறவர், பின்னால் மலை. பிரமாதம் என்றான் விஜயகுமார். எருமை இல்லாததைத் தவிர வேறு குறை இல்லை என்றார் சீனிச்சாமி அண்ணன். கிறிஸ்டோபர் சார் வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்குண்ணே. ஆனா இந்த ஆளுகிட்ட நீங்க ஒரு வார்த்த பேசல. இல்லையா?"

"அண்ணன் காரை விட்டு எறங்குனாத்தான சார் பேசுறதுக்கு" என்றான் விஜயகுமார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் வடையும் நானே வாங்கிக் கொடுத்தேன். உண்மையில் நான் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, ஏசியை அணைக்காமல் எடுத்த படம் அது. காகிதத்தில் அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அதற்குக் கொஞ்ச நாளில் அவர் ஒரு புது பிரிண்டர் வாங்கினார். அதில் கறுப்பு மையே மூன்று வகை: கறுப்பு, வெளிர் கறுப்பு, அதைவிட வெளிர். முதலில் கொண்டுவந்த படத்தில் அவர் மனைவி இவாஞ்சலின் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வெள்ளைச் சேலையில் நின்றுகொண்டிருந்தார். இலை இடுக்கில் வெயில் சொட்டியது. அந்த ஒரு சேலையில் ஏழெட்டு விதமான வெள்ளை இருந்தது. நான் படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன், டியூப் லைட்டுக்குக் கொண்டுவந்தேன், மொட்டைமாடிக்கே கொண்டுபோனேன். சாம்பல் சாம்பலாகவே இருந்தது. அப்படி ஒரு சரக்கை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. எனவே முகத்தைச் சுளித்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பே மற்ற இருவரிடமும் சொல்லி வைத்துவிட்டேன். வேடிக்கைக்குத்தான் என்றேன். அவர்களுக்கும் குஷி.

"சார், லேசாப் பச்சை அடிக்குதோ?" என்று ஆரம்பித்தான் விஜயகுமார்.

"லேசாவா?" என்றார் சீனிச்சாமி அண்ணன். "எங்க எருமைய அவுத்து விட்டா மேஞ்சுட்டு வந்துரும்."

நான் படத்தைக் கையில் வாங்கி, பெருமூச்சு விட்டு, மேசையில் திரும்ப வைத்தேன். "பச்சைதான் சார்."

"எனக்குச் சாம்பலாத்தான் தெரியுது" என்றார் அவர். படத்தை எடுத்து வெளிச்சத்தில் சந்தேகமாகப் பார்த்தார். மற்ற இருவருக்கும் சிரிப்பு முட்டியது. உண்மையை நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று அவர்களை அடக்கினேன். மறுவாரம் விஜயகுமார் கேட்டபோது, "சொல்லிட்டேம்பா. சார் விழுந்து விழுந்து சிரிச்சாக" என்றேன். அதோடு அவர்கள் மறந்துவிட்டார்கள்.

கடைத்தெரு ஆளாக இருந்தால் பச்சை என்றதுமே எனக்கு அந்தப் படம் பிடித்துப்போய்விட்டது என்று புரிந்துகொண்டிருப்பார். கிறிஸ்டோபர் சார் மதுரைக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தார். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். நான் கேட்டேன்: "எழுத்தப் படிக்கச் சொல்லிருப்பாரு சார். சாம்பலைக் காட்டி என்ன நெறம்னு கேட்டாரா?"

கேட்கவில்லை என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு படத்தையும் முதலில் என் கடைக்குக் கொண்டுவந்தார். ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, இது வெள்ளையா, இதில் ஏதாவது தெரிகிறதா என்று கேட்பார். இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கிறது என்பேன். இல்லாத பச்சையை எடுக்க அவர் வீட்டில் ரோஸைச் சேர்ப்பார். ஆறு மாதத்தில் அவர் படங்கள் நிஜமாகவே ரோஸாகிவிட்டன. சங்கத்தில் அவற்றைப் பார்த்தவர்கள் பாவம், மனதார உண்மையைத்தான் சொன்னார்கள். "சாருக்குக் கண்ணுல என்னமோ ஆயிருச்சுண்ணே" என்று விஜயகுமார் என்னிடம் தனியாக வருத்தப்பட்டான். நானும் வருத்தப்பட்டேன்.

ஒருமுறை குடும்பத்தோடு கடைக்கு வந்திருந்தபோது இவாஞ்சலின் கேலியாகச் சொன்னார்: "கறிவேப்பிலை வாடிருச்சானு கூட உங்களக் கேட்டுத்தாண்ணே வாங்குவாரு இனிமே." எல்லோரும் சிரித்தோம். அந்த வருஷம் எனக்கு ரொம்ப நல்ல வருஷம். பசியெடுத்துச் சாப்பிட்டேன், படுத்ததும் தூங்கினேன். சங்கத்தில் என் படங்களைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "எங் கண்ண வச்சுக்கிட்டு நான் என்னண்ணே சொல்ல முடியும்" என்பார்.

2008 மார்கழியில் நால்வரும் போடிமெட்டுக்குப் படம் எடுக்கப் போனோம். காலை நேரம், எங்கே பார்த்தாலும் மேகம். விஜயகுமாரும் சீனிச்சாமி அண்ணனும் மலையாளச் சேட்டன் டீக்கடையில் சூடாகப் புட்டு தின்றுகொண்டிருந்தார்கள். நானும் கிறிஸ்டோபர் சாரும் பாறை மேட்டுக்கு நடந்தோம். அங்கே பட்டுப்போன மரம் ஒன்று. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. "அண்ணே, இது போதும்ணே. இந்த வருசத்துக்கு இது ஒண்ணு போதும்" என்றார்.

எனக்கும் தெரிந்தது. கேமராவுக்குள் போவதற்கு முன்பே அந்தப் படம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. ரோஸோ பச்சையோ, யாராலும் எதுவும் சொல்ல முடியாத படம்.

மரம் முழுவதும் அடங்க வேண்டுமென்றால் அவர் பின்னால் போக வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, பின்னால வெள்ளையா இருக்கே. பாறையா, மேகமா?"

மேகம்தான். அதற்குக் கீழே பள்ளம். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

"பாறைதான் சார்" என்றேன்.

"எனக்கு மேகமாத் தெரியுதே."

"உங்களுக்கு அப்படித்தான தெரியும்."

சிரித்தார். "அதுவுஞ் சரிதான்" என்றார். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்னால் போனார்.

பெரிதாகச் சத்தம் இல்லை. மேகம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நான் கத்திக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். ஓடிய வேகத்தில் செருப்பு அறுந்துவிட்டது. பார்த்தவர்கள் அதைப் பிறகு உருக்கமாகச் சொன்னார்கள்.

போலீஸ்காரர்களிடம் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சாருக்குக் கொஞ்ச நாளாகவே பார்வை சரியில்லை என்று விஜயகுமார் அழுதுகொண்டே சொன்னான். சீனிச்சாமி அண்ணனும் அதையே சொன்னார். மூன்றாவதாக என்னைக் கேட்டார்கள்.

இவாஞ்சலினைப் பார்க்க ராயப்பன்பட்டிக்குப் போனேன். "கண்ணு தெரியாத மனுசன மலைக்கு அனுப்புனது ஏந்தப்புண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்படியெல்லாம் சொல்லக் கூடாதம்மா என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல நன்றாக வரும்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் அவரைத் தொடவில்லை. விரல்கூடப் படவில்லை. அவர் கண்ணில் எந்தக் கோளாறும் கிடையாது, கடைசி நிமிஷம் வரை மேகத்தை மேகமாகத்தான் பார்த்தார். தான் பார்த்ததை அவரே நம்பவில்லை என்றால், அதற்கு நான் என்ன செய்ய முடியும்.