பதினோரு வித்தியாசம்

அலோ... அலோ, அருளண்ணாங்களா?... நான் தரணி பேசறனுங்ணா, திருமுருகன்பூண்டி கம்பெனில இருந்து, லேபிள் செக்சன்... ஆமாங்ணா, ஆமா, லேபிளுக்கு எழுத்தை வரி வரியா அடுக்கிக் குடுக்கற புரோகிராம் எழுதிக் குடுத்தீங்களே, அங்கதான்... வெச்சுராதீங்ணா, ரெண்டே நிமிசம்.

பழைய கம்ப்யூட்டர் போன வாரம் புகைஞ்சு போச்சு. புதுசுல, நீங்க எழுதி வெச்ச நோட்டைப் பாத்து, புரோகிராமை மறுக்காக் கம்பைல் பண்ணி ஓட வெச்சுட்டேன்... நானேதானுங்ணா, வேற ஆரு இருக்காங்க இங்க?... டெஸ்ட்டும் ஓட்டிட்டேன். நீங்க குடுத்த சோதனைப் பக்கத்தை அடுக்க உட்டு, எப்பிடி வரோணும்னு நீங்க வெச்சுட்டுப் போன ஆன்சர் பைலோட வரிக்கு வரி ஒப்பிட்டாச்சு. ஒரு வித்தியாசம் கூட இல்லீங்ணா. நீங்க 'சரி'ன்னு ஒரு மெயில் போட்டாப் போதும்...

இப்பவேங்ணா! புரோகிராம் மாறுனா எழுதுனவரு ஓகே வேணுமாம், சரக்கு வாங்கற பையரோட ஆளு ஒரே புடியா நிக்கறாரு... கொழந்தைக ராத்திரி போடற டிரெஸ்ஸுங்ணா, முப்பதாயிரம் பீஸு. லேபிள் தைச்சு, பெட்டி கட்டி, லாரில ஏறிட்டு இருக்குது. மொதலாளி வாசல்லயே நின்னுட்டு என்ற மூஞ்சியவே பாக்கறாரு. இன்னைக்கு லாரியத் தாட்டி உடலீன்னா கப்பல் போயிரும், என்ற வேலையும் போயிரும். கையெடுத்துக் கும்புடறேன்...

எப்பிடி ஓட்டுனனா?... நோட்டுல இருக்கறாப்லதான்... ஆமா... ஆமா... மொதத் தடவையா?... அது வந்துங்ணா... மொதல்ல பதினொண்ணு காட்டுச்சு... வித்தியாசந்தான். இல்லீங், பதறாதீங்க, அதைச் சரி பண்ணிட்டேன்.

எப்பிடின்னா... நம்ம கம்பெனில பண்றாப்லதாங்ணா. பையர் கையெழுத்துப் போட்ட சாம்பிள் பீஸு காணாமப் போச்சுன்னா என்ன பண்ணுவோம்? லைன்ல இருந்து நல்லதா ஒண்ணை உருவி, சீட்டுக் கட்டி, அதையே சாம்பிள்னு தொங்க உட்டுருவோமில்லீங்களா? அதுமாரி, உங்க ஆன்சர் பைலு பழசாப் போச்சுன்னு நெனச்சேன். புதுக் கம்ப்யூட்டர்ல என்ன வந்துச்சோ, அதையே ஆன்சர்னு காப்பி பண்ணி வெச்சு, மறுக்கா ஓட்டுனேன். அப்பத்தான் வித்தியாசமே இல்லாம...

அண்ணா?... திட்டுங்க, நல்லாத் திட்டுங்க, மெயிலை மட்டும்... ஆமாங்... ஆமா, அதோட அதையே ஒப்பிட்டா வித்தியாசம் எங்கிருந்து வரும்... புரியுதுங்ணா. இப்பத்தான் மண்டைல ஏறுது.

ஆனா லேபிள் நல்லாத்தான் இருக்குது! கையிலயே வெச்சிருக்கேன்... இங்கிலீசு, பிரெஞ்சு, ஜெர்மனி, போலந்து... எனக்கு எங்கீங்ணா அதெல்லாம் படிக்கத் தெரியும்?... வரிய எண்ணோணுமா? சும்மா எண்ணுனாப் போதுமா?... செரி, செரி. இங்கிலீசு ஆறு. பிரெஞ்சு... ஆறு. ஜெர்மனி ஆறு. பாருங்ணா, நாந்தான் சொன்னேனில்ல! போலந்து... மூணு, நாலு... அஞ்சு.

இருங்க, மறுக்கா எண்ணுறேன்... அஞ்சுதானுங்ணா... வேற லேபிள்ல பாக்கட்டுமா?... இதுலயும் அஞ்சு. கடைசி வரியக் காணோம்... இங்கிலீசுல ஆறாவதா? படிக்கறேன்... 'கீப் அவே ஃப்ரம் ஃபயர்'...

அட கெரகமே. அண்ணா, நெருப்புக்கிட்டப் போகக்கூடாதுங்கற வரிங்ணா... இந்த லாரிச் சரக்கு முழுக்கப் போலந்துக்குத்தான்... ரெண்டு வயசு, மூணு வயசு சைஸு... அங்க குளுருக்கு ஊட்டுக்குள்ளயே நெருப்பு மூட்டுவாங்களா?... அய்யோ சாமி. என்ன காரியம் பண்ணிப்போட்டேன்!

நீங்களே மொதலாளிகிட்டச் சொல்லீருங்களேன்ணா... எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்லுவேன்? நேத்துத்தான் எல்லாரு முன்னாலயும் 'தரணி இருக்கற வரைக்கும் எனக்குக் கவலையில்ல'ன்னாரு. இப்ப அத்தனை பெட்டியவும் ஒடைச்சு, ஒவ்வொரு லேபிளாப் பிரிச்சு... பொம்பளைக எல்லாம் என்னைத் தூத்துவாங்கண்ணா... ஆமாங்ணா... ஆமா... எவளோ ஒரு தாயி இந்த லேபிளை நம்பித்தான்... ஆமா. அழுகலீங்ணா. நான் பண்ணுனது, நாந்தான் சொல்லோணும்.

அய்யய்யோ, லாரிய ஸ்டார்ட் பண்ணிட்டாங்க!... இல்லீங், மெயில் வந்துரும்னு நான் முன்னாடியே சொல்லிப்போட்டேன், அந்த நம்பிக்கைலதான்... வெக்காதீங்ணா, லைன்லயே இருங்க, ஓடறேன்...

ஏனுங்! மொதலாளி, ஏனுங்! கேட்டைச் சாத்தச் சொல்லுங்க!... லாரி போகக்கூடாதுங்க!... ஆமாங்க, அருளண்ணன்தானுங்க லைன்ல... அவுரு ஓகே சொல்லலீங்க... அவுரு மேல ஒரு தப்பும் இல்லீங்க... டெஸ்ட்டு தேறவே இல்லீங்க. நாந்தானுங்க தேறுன மாதிரி பண்ணுனேன்... போனைப் புடுங்காதீங்க, சொல்லி முடிச்சர்றனுங்க... இதைப் போட்டுட்டு ஒரு கொழந்தை...