கீழ்க்கரைக்காரன் கொண்டுவந்த சூப்பு

— அந்தத் தட்டை அங்கயே வை. இந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வெச்ச, சூப்பு உன் மூஞ்சியில இருக்கும்.

— மூஞ்சியில ஊத்துறதுக்காச்சும் நீ எந்திரிக்கணுமே மச்சான். படுத்த எடத்துல ஒரு பக்கமாத் திரும்பக்கூட முடியல உன்னால.

— யாரு ஆக்குன வேலை அது? ம்? யாரு ஆக்குன வேலை? இன்னொண்ணு, மச்சான்னு கூப்புடாத.

— உன் தங்கச்சி எங்கண்ணன் பொண்டாட்டி. உன்னை மச்சான்னு கூப்புடாம மாமியான்னா கூப்புடறது?

— தொபியாஸ், வாயை மூடு. விலா எலும்பு விட்டுருக்குன்னு டாக்டரு சொல்லிட்டுப் போன சூடுகூட இன்னும் ஆறல. சனிக்கிழமை டெஸ்ட் ஆட்டம் எனக்கு இல்ல. நம்ம நாட்டு ரக்பி டீம் மொத தடவையா இங்கிலாந்துக்காரனோட அவன் மண்ணுல நின்னு டெஸ்ட் ஆடப்போவுது, இந்தக் கெருவா கட்டில்ல படுத்துக்கிட்டு மோட்டுவளையைப் பாக்கணும். எங்கப்பன் காப்பிக்கொட்டை வித்த கையோட ரேடியோவுக்குப் பாட்டரி வாங்கி, தலைமாட்டுல வெச்சுப் படுக்குறாரு. அவருக்கு நான் என்னத்தைச் சொல்ல?

— மொதல்ல ரெண்டு வாய் சாப்புடு. காலையில இருந்து பட்டினி. கீழ சமையக்கட்டு அம்மா, தாடிக்காரத் தம்பி ஏன் வரலன்னு கேட்டுக்கிட்டே இருக்கு.

— அந்தம்மா கொண்டாரட்டும், திங்கிறேன்.

— அதுக்கு முட்டிவலி, மாடி ஏறாது. நம்ம பசங்க பூரா சினிமாவுக்குப் போயிட்டானுங்க. இருக்கிறது நான் ஒருத்தன்.

— அப்ப பட்டினியே கெடக்குறேன்.

— பட்டாணி சூப்பு மச்சான். பன்னிக்கறி போட்டிருக்கு, கொழுப்போட, பெரிய பெரிய துண்டா.

— பன்னிக்கறியா? உன் கையால பன்னிக்கறியா? ஏன்டா, நெஞ்சுல ஈரம் இருக்குதாடா உனக்கு? எங்கண்ணன் நோரியை ஆத்துக்கு அந்தப் பக்கத்து உங்க கீழ்க்கரை ஆளுங்க அம்பு விட்டுச் சாய்ச்சானுங்க. அன்னைக்கு எங்கப்பனும் நானும் விட்ட தாடி, இன்னும் எறங்கல. உயிருக்கு ஈடாக் குடுக்குறோம்னு எல்லாரு முன்னாலயும் சொன்ன பன்னியில பாதிதான் எங்க கரைக்கு வந்துச்சு. மிச்சம் உங்க வேலிக்குள்ளயே நின்னு கொழுக்குது.

— அது பெரியவங்க பேசுற பேச்சு. நானா ஓட்டி வந்து கட்ட முடியும்?

— நம்ம மலையில வழக்கம் என்ன? செத்தவனோட கூடப்பொறந்தவன், கொன்னவன் ஆளு கையால பன்னிக்கறி தின்னுட்டா அன்னைக்கோட பகை தீந்துச்சு. அப்பறம் கேள்வி கெடையாது, வழக்கு கெடையாது. எங்கப்பன் பிளேன் ஏத்தும்போது சொல்லித்தான் ஏத்துனாரு: "நீ வாய் வெச்சா நோரி கதை முடிஞ்சுது, பாத்து நடந்துக்க"ன்னு. நீ என்னடான்னா பட்டாணிக்கடியில ஒளிச்சுக் கொண்டாந்து கதையை முடிக்கப் பாக்குற.

— அட ஆண்டவரே! பசிக்குமேன்னு கொண்டாந்தேன்யா. அவங்க சட்டியில அது இருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன். மீனு இருந்தா மீனு கொண்டாந்திருப்பேன்.

— எல்லாம் அந்த மேனேசரைச் சொல்லணும். தலைநகரு மோர்ஸ்பிக்காரன், கடலைப் பாத்து வளந்தவன். மலைப்பகை அவனுக்கு என்ன தெரியும்? இவன் சட்டை ஆறாம் நம்பர், அவன் சட்டை ஏழாம் நம்பர், பக்கத்துப் பக்கத்து நம்பர், தள்ளு ரெண்டையும் ஒரே ரூம்லன்னு தள்ளிட்டான்.

— நானும் சந்தோசமா இருக்கேன்னு நெனச்சியா? வந்த நாள்ல இருந்து ஒத்தக் கண்ணைத் தெறந்து வெச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன். நீ எச்சில் முழுங்குனாக்கூட முழிச்சுக்கிறேன்.

— முழிச்சுக்கத்தான் செய்வ. குத்தமுள்ள நெஞ்சு.

— அன்னைக்கு அம்பு விட்டப்ப நான் ஹாகன் டவுன்ல பயிற்சியில இருந்தேன். உனக்கே தெரியும். என் பக்கத்துலதான் நீயும் ஓடிக்கிட்டிருந்த.

— இருந்தேன். அதனாலதான் கேக்குறேன். ஓய், இங்க பாரு, என்னைப் பாரு. இந்த மூணு வாரத்துல உன் கையில இருந்து நான் என்ன வாங்கியிருக்கேன்?

— ஒண்ணும் வாங்கல. தீப்பெட்டி குடுத்தாக்கூடக் கீழ வைன்னுட்டுத்தான் எடுக்குற.

— பந்து வாங்குனேன்டா. உன் கையில இருந்து நான் வாங்குன ஒரே சாமான் அந்தப் பந்துதான். கோட்டுக்கு வெளிய நீ கீழ்க்கரை, நான் மேல்கரை. கோட்டுக்குள்ள போயிட்டா, சட்டை நெஞ்சுல நம்ம நாட்டுக் குமுல் பறவையைக் குத்துன ஆளு ரெண்டு பேரு, அவ்வளவுதான்னு நெனச்சேன். நீ குடுத்த பந்தைத் திரும்பிப் பாக்காம வாங்கிக்கிட்டு ஓடுனேன். இன்னைக்கு மத்தியானமும் அப்படித்தான் கையை நீட்டுனேன். நீட்டுன கையில எதை வெச்ச நீ?

— ஆட்டம்னா அடி படத்தான் செய்யும்...

— நிலக்கரி லாரி மாதிரி ஒருத்தன் வந்தான். அவன் வர்றதுக்கும் பந்து என் கைக்கு வர்றதுக்கும் கணக்கா இருந்துச்சு. நான் பந்தைப் பாக்குறதா, அவனைப் பாக்குறதா? கீழ கெடந்தப்ப உன் மூஞ்சியத்தான் பாத்தேன். நீ அவனைப் பாத்திருக்க. பாத்துட்டுத்தான் எனக்குக் குடுத்திருக்க.

— தற்செயலா நடந்துச்சு மச்சான்.

— நம்ம மலையில எவனுக்கு எது தற்செயலா நடந்திருக்கு? மரத்துல இருந்து தவறி விழுந்தாலே யாரு வேலை இதுன்னு கேக்குற ஊரு.

— அப்ப நானும் கேக்கலாமா? எங்கப்பன் வீட்டையும் காப்பித் தோட்டத்தையும் உங்காளுங்க கொளுத்துனது யாரு வேலை? எங்கம்மா போர்வையோட ஆத்துக்குள்ள உக்காந்து விடிய விடிய நடுங்குனாளே, அது யாரு வேலை?

— பாத்தியா! வந்துருச்சு பாரு வெளிய! காப்பிச்செடிக்குக் கணக்குத் தீத்துட்ட. அம்பு வேணாம், கோடாலி வேணாம், ஒரு பந்து போதும் உனக்கு. நோரிக்கு மீதிப் பன்னியும் கேக்க முடியாது, கேக்குறவனே எலும்பு விட்டுப் படுத்துட்டான்ல.

— நான் அப்படிச் சொல்லல. நீ என் வாயில இருந்து புடுங்குற.

— போதும். எட்டு மணிக்கு ரேடியோக்கார வாகி வர்றாரு. இங்க எட்டு, நம்ம ஊர்ல விடியக்காலம், காலைச் செய்தி. இந்த டெலிபோன்லயே நேரா ஊருக்குப் போவுதாம். அடிபட்ட ஆளு கூட ரெண்டு வார்த்தை பேசணுமாம். பேசுறேன்.

— என்ன பேசப்போற?

— பாத்ததைப் பேசுவேன். கீழ்க்கரைத் தொபியாஸ் அந்தாளைப் பாத்தான், பாத்துட்டு என் கையில பந்தைக் குடுத்தான். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மிச்சத்தை எங்காளுங்க புரிஞ்சுக்குவாங்க.

— புரிஞ்சுக்குவாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள ஆத்தைத் தாண்டிருவாங்க. உன் தங்கச்சி டோர்கஸ் எங்க இருக்கா மச்சான்? எங்கண்ணன் வீடு ஆத்துல இருந்து ஏறுனா மொத வீடு.

— அவ ஆளுங்க சத்தம் கேட்டதும் எங்க பக்கம் ஓடி வந்துருவா.

— புள்ளையோடவா? புள்ள எங்க வம்சம், எங்க கெழவனுங்க விட மாட்டானுங்க. புள்ளைய விட்டுட்டு வருவாளா உன் தங்கச்சி? நீ அவளைத் தூக்கி வளத்தவன். சொல்லு, வருவாளா?

— அவளை இதுல இழுக்காத.

— வர மாட்டா. வாசல்ல புள்ளைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பா. ரெண்டு பக்கத்து அம்பும் அவ தலைக்கு மேலதான் போவும்.

— என் தங்கச்சிய முன்னால நிறுத்திட்டு அவ முதுகுக்குப் பின்னால ஒளியுறியா? நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? பழிக்குச் செஞ்சேன்னு சொல்லு, அதையாவது நேரா நின்னு சொல்லு!

— பழிக்குச் செய்யலய்யா!

— பாத்தியா இல்லியா?

— பாத்தேன்! போதுமா? பாத்தேன். பாத்துட்டுத்தான் குடுத்தேன்.

— ஆங். அப்படி வா.

— முழுசாக் கேளு. பழிக்குன்னா நான் ஏன் மறைக்கணும்? தோளைத் தூக்கிக்கிட்டுச் சொல்லிருப்பேன். எங்கப்பன் இருக்கிற பன்னியெல்லாம் அடிச்சு விருந்து வெச்சிருப்பாரு. அதுகூட எனக்கு மரியாதைதான். பயந்துட்டேன் மச்சான்.

— என்னது?

— பயந்துட்டேன். அவன் என்னைப் பாத்துத்தான் வந்தான். பந்து என் கையில இருந்தா என் எலும்பு. அது மட்டும்தான் தோணுச்சு. பக்கத்துல நிக்கிறது நீயா, வேற எவனான்னுகூடப் பாக்கல. அடுப்புல கை வெச்சுட்டு உதறுவோம்ல, அப்படி உதறிட்டேன். அது போயி உன் கையில விழுந்துச்சு.

— நீ பயந்தியா. லே டவுன்ல நடந்த ஆட்டத்துல பல்லு ஒடஞ்சும் வெளிய வர மாட்டேன்னு நின்ன நீ.

— ஆமாய்யா ஆமா! இன்னும் எத்தன தடவ சொல்லணும்? இந்தக் குளிரு, அந்தச் சனம் போடுற கூச்சல், அவன் ஓடி வந்த வேகம், எல்லாம் சேந்து என்னைப் பயமுறுத்திருச்சு. அதையே ரேடியோவுல சொல்லிடேன். தொபியாஸ் ஒரு பயந்தாங்கொள்ளின்னு சொல்லு. எங்காளுங்க காறித் துப்புவாங்க, ஊருக்குப் போனா பொம்பளைங்ககூடச் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அம்பை ஒருத்தனும் தொட மாட்டான்.

— சிரிக்க வெக்காத. எலும்பு குத்துது.

— நான் என்னத்தைச் சிரிக்க வெச்சேன்? நான் அழுதுக்கிட்டிருக்கேன்.

— தூ! பகைக்குச் செஞ்சிருந்தாலாவது உன்னை எதிரின்னு மதிச்சிருப்பேன். ஒரு பயந்த பயலுக்காகவா என் டெஸ்ட் போச்சு? கேட்டுக்க, நான் மன்னிக்கல. தலைநரைச்சு, பல்லு விழுந்து, கெழவனானாலும் மன்னிக்க மாட்டேன்.

— நான் கேக்கலியே.

— கேட்டுடாத.

— உள்ள வரலாமா தம்பிங்களா? வாகி. ரேடியோ.

— வாங்கண்ணே. கதவு தெறந்துதான் இருக்கு.

— அடேயப்பா, என்ன குளிரு, என்ன குளிரு! தொபியாஸ், நீயும் இங்கதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. கெருவா, ரொம்ப வலிக்குதா? ரெண்டே நிமிசம். லைன் கெடைச்சுருச்சு, இந்தா புடி, நான் இந்தப் பக்கம் இருந்து கேக்குறேன். பேசலாமா? ...நேயர்களே, வணக்கம்! இங்கிலாந்திலிருந்து உங்கள் வாகி. நம் வீரர் கெருவா நம்முடன் இருக்கிறார். கெருவா, இன்றைய ஆட்டத்தில் உங்களுக்கு விலா எலும்பு முறிந்திருக்கிறது. அந்தப் பந்து காலம் தாழ்ந்து வந்தது, அப்படி ஒரு பந்தைக் கொடுத்திருக்கவே கூடாது என்கிறார்கள் இங்குள்ள பத்திரிகைக்காரர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

— எந்தப் பந்து?

— தொபியாஸ் கொடுத்த பந்து.

— அது நல்ல பந்து. நாந்தான் கேட்டேன். குடுறா குடுறான்னு கத்துனேன், குடுத்தான்.

— நீங்கள் கேட்டா கொடுத்தார்?

— நான் கேட்டுத்தான் குடுத்தான். பந்து மேல கண்ணு வெச்சிட்டேன், ஆளைப் பாக்கல. தப்பு என்னோடது.

— சனிக்கிழமை டெஸ்டில் நீங்கள் இல்லாதது பெரிய இழப்பு...

— தொபியாஸ் இருக்கான்ல. அவன் எவனைக் கண்டும் பயப்பட மாட்டான். நாடே பாக்கப்போவுது பாருங்க. எவ்வளவு பெரிய ஆளு வந்தாலும் பந்தைக் கையிலயே வெச்சுக்கிட்டு நேரா மோதுவான். வாக்குக் குடுத்திருக்கான்.

— ஆகா, கேட்டீர்களா நேயர்களே! நிறைவாக, ஊருக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?

— சொல்லணும். எங்கப்பா கேட்டுக்கிட்டிருப்பாரு. ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் கேட்டுக்கிட்டிருப்பாங்க. அப்பா, இன்னைக்கு எனக்குத் தொபியாஸ் சூப்பு கொண்டாந்தான். பன்னிக்கறி போட்ட சூப்பு. அவன் கையாலயே குடுத்தான். நான் தின்னேன்.

— ஓ... சூப்பு. நல்லது, நல்லது! இங்கிலாந்துச் சமையல் நம் வீரர்களுக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது, நேயர்களே!

— பன்னிக்கறி தின்னேன்னு சொன்னேன். அவன் கையால.

— ஆம், ஆம், பன்னிக்கறி. கெருவா விரைவில் குணமடைய வாழ்த்துவோம். வணக்கம்! ...ஏம்ப்பா கெருவா, நாடே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு, அடிபட்டதைப் பத்திக் கேட்டா நீ சாப்பாட்டுக் கதை பேசுற. சரி, மருந்து ஏறியிருக்கும், விடு. தொபியாஸ், நீ ஏன் சுவத்தைப் பாத்து நிக்குற? உனக்கு என்ன வந்துச்சு?

— ஒண்ணுமில்லண்ணே. தூசி.

— இது யாரு வெச்ச சூப்பு, தொடாம ஏடு கட்டிக் கெடக்குது? நான் கீழதான் போறேன், எடுத்துட்டுப் போகவா?

— தொடாதீங்க!

— அட, சாமி! தொடல, தொடல. எலும்பு போனாலும் கொரலு போகல உனக்கு. வரேன்.

— ...மச்சான்.

— என்ன?

— நீ ஒரு வாய்கூடத் தின்னலியே.

— எனக்குத் தெரியாதா?

— உங்கப்பா இந்நேரம் தாடிய எறக்கக் கத்தி தேடுவாரு. நோரிக்கு மீதிப் பன்னி...

— பன்னியைப் பத்தி நீ பேசாத.

— நான் எங்கண்ணன்கிட்டச் சொல்றேன். கேக்காமலே ஓட்டி வரச் சொல்றேன்.

— சொல்லு, சொல்லாமப் போ. சனிக்கிழமை மட்டும் பந்தை உதறுன, அப்பறம் இருக்கு உனக்கு.

— உதற மாட்டேன். இரு, இது ஆறிப்போச்சு, கீழ போயிச் சூடு பண்ணிட்டு...

— வேணாம். ரெண்டு கரைக்கும் நான் தின்னு முடிச்சாச்சு, இன்னும் தின்னாதவன் நான் ஒருத்தன்தான். என் மூஞ்சியப் பாக்காம, உன் கையால அதை இங்க கொண்டா.